நாலாயிரம் ரூபாய்க்கு லென்ஸ் வாங்கிய விவரம்

பிம்ப்ரி, புனே
5-12-2002, வியாழக்கிழமை

தூத்துக்குடியில் இருக்கும் என் சுப்பையா மாமா அவர்களுக்கு,

அக்கா மகள் வைஜயந்தி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, தருண் அண்ணன், நான் நால்வரும் சுகம். நீங்களும் அத்தையும் சுகமா என்பதை ஞாயிற்றுக்கிழமை போனிலேயே அம்மா மூன்று முறை கேட்டுவிட்டதால் நான் நான்காம் முறை கேட்கவில்லை.

மாமா, நடந்தது எல்லாவற்றையும் நடந்தபடியே, ஒன்றையும் கூட்டாமல், ஒன்றையும் மறைக்காமல் இந்தக் கடிதத்தில் எழுதப் போகிறேன். லென்ஸ் வாங்க நாலாயிரம் ரூபாய் டிராஃப்ட் அனுப்பியபோது நீங்கள் கேட்டது இரண்டே விஷயம். எந்த லென்ஸ், ஏன் அந்த லென்ஸ் என்று விவரமாக எழுத வேண்டும். தருண் அண்ணன் கடக்வாஸ்லா ராணுவ அகாதெமியில் கடைசி அணிவகுப்பில் நடக்கிற படம் ஒன்று உங்கள் ஆபீஸ் மேஜைக்கு மேலே மாட்ட வேண்டும். லீவு கிடைக்காமல் போன உங்களுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்று அப்பாவும் சொன்னார். அப்பா எழுதிய கடிதமும் இதே உறையில் இருக்கிறது. அது எட்டு வரி. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எட்டு வரியில் உண்மை எவ்வளவுதான் கொள்ளும்?

முதலில், உங்கள் நாலாயிரம் வந்த அன்று வீட்டில் சண்டை வந்தது. பெரிய சண்டை இல்லை, சாப்பாடு போடுவது நிற்காத அளவுக்கு. நீங்கள் ரஷ்யக் கப்பல்காரரிடம் வாங்கி அப்பாவுக்குக் கொடுத்தீர்களே, அந்தக் காமிராவில் இருப்பது ஐம்பது எம்.எம். லென்ஸ். நான் லைப்ரரியில் படித்துத் தெரிந்துகொண்டது என்னவென்றால், இந்த எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பக்கத்தில் வரும், ஆனால் கொஞ்சம்தான் உள்ளே வரும். எண் குறையக் குறைய நிறையப் பேர் உள்ளே வருவார்கள், ஆனால் எல்லாரும் சின்னதாகிவிடுவார்கள். அப்பாவுக்குப் பெரிய எண் வேண்டும். அம்மாவுக்குச் சின்ன எண் வேண்டும். போன பொங்கலுக்கு அப்பா எங்களைப் படம் எடுக்கையில் பின்னால் போய்ப் போய், பாத்ரூம் கதவைத் திறந்து உள்ளேயே போய் வாளிமேல் உட்கார்ந்து எடுத்தும், அம்மாவுக்கு ஒரு காதும் அரை மூக்கும் மட்டுமே கிடைத்தது. அம்மா அதை மறக்கவில்லை.

“எட்டத்துல கெடக்கத எடுக்கதுக்கு எதுக்கு லென்சு? வீட்டுல இருக்க நாலு பேரும் ஒண்ணா வாரதுக்கு ஒண்ணு வாங்குங்க. பிள்ள அடுத்த மாசம் மேல் டிரெய்னிங்குக்கு டேராடூன் போயிருவான். பெறவு நாலு பேரு எங்கன சேருவோம்?” என்று அம்மா கேட்டாள்.

“ஆனந்தவல்லி, நாம ஒக்காரப் போறது காலரியில. அவன் நடக்கப் போறது மைதானத்துல. அம்பதுல எடுத்தா அவன் கடுகு மாதிரி தெரிவான். சுப்பையா ஆபீசுல கடுகையா மாட்டுவான்?” என்று அப்பா கேட்டார்.

“கடுகோட கடுகா நானும் நீங்களும் இருந்தா போதும்” என்றாள் அம்மா.

எறும்பைக் கிட்டத்தில் எடுக்கிற லென்ஸ் ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் ஆசை என்று நானும் சொன்னேன். அது ஒன்பதாயிரம் என்று தெரிந்ததும் என் ஓட்டைச் செல்லாத ஓட்டு என்று அறிவித்துவிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் மூவரும் லோக்கல் ரயிலில் சிவாஜிநகர் போய், அங்கிருந்து புத்வார் பேட்டையில் பழைய காமிராச் சாமான்கள் விற்கும் பெண்ட்ஸே காக்கா கடைக்குப் போனோம். இங்கே காக்கா என்றால் சித்தப்பா, காக்கு என்றால் சித்தி. நம் காமிராவில் லென்ஸைத் திருகித்தான் மாட்ட வேண்டும் என்பதால் புதுக் கடைகளில் அதற்கு ஏற்றது எதுவும் கிடையாது. இந்த ஊர்க் கடைக்காரர்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாது, மாமா. நாம் வாங்க வந்தது அவர்களுக்கு ஒரு தொந்தரவு. பெண்ட்ஸே காக்கா கடை வாசலில் மராத்தியில் ஒரு பலகை இருந்தது. தமிழில் தருகிறேன்: “கடை நேரம் காலை பத்து முதல் ஒன்று வரை, மாலை நான்கு முதல் எட்டு வரை. பேரம் பேசும் நேரம் மதியம் ஒன்று முதல் நான்கு வரை.” அப்பா இதைப் படித்துவிட்டு, “பரவால்லயே, பேரத்துக்குன்னு தனி நேரம் ஒதுக்கியிருக்காரு” என்று சந்தோஷப்பட்டார். நான்தான் விளக்க வேண்டியிருந்தது. உள்ளே இன்னொரு பலகை: “சும்மா பார்க்க வந்திருந்தால் தெருவைப் பாருங்கள். அது இலவசம்.”

பெண்ட்ஸே காக்கா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எங்களைப் பார்த்தார். எங்கள் காமிராவுக்குப் பொருந்துகிற மூன்று லென்ஸ்களைத் துணியில் வைத்தார். இருபத்தெட்டு எம்.எம். மூவாயிரத்து நானூறு. நூற்று முப்பத்தைந்து இரண்டாயிரத்து எழுநூறு. இருநூறு எம்.எம். மூவாயிரத்து எண்ணூற்றைம்பது. பிறகு மூன்றின் மேலும் கையை வைத்து மூடிக்கொண்டு, “எதை எடுக்கப் போகிறீர்கள் என்று சொன்னால்தான் கையை எடுப்பேன்” என்றார்.

அப்பா தம் மராத்தியில், அதாவது பாதி இந்தியும் கால் தமிழும் கலந்த மராத்தியில், மகன் அணிவகுப்பில் நடப்பதைப் பற்றிச் சொன்னார். காக்கா மரியாதையாகத் தலையசைத்தார். “அணிவகுப்பு முடிந்ததும் பையன் உங்களிடம் வருவானா மாட்டானா?” என்று கேட்டார். “வருவான்” என்றார் அப்பா. “அப்படியானால் உங்களிடம் இருக்கும் ஐம்பதே போதும். மிச்சப் பணத்துக்கு நாலு ரோல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்” என்று சொல்லிவிட்டு லென்ஸ்களை எடுத்து உள்ளே வைக்கப் போனார். மாமா, விற்க மறுக்கும் கடைக்காரரை நான் கதையில்கூடப் படித்ததில்லை. இவர் சொன்னதை நான் என் நோட்டில் எழுதிக்கொண்டேன். அப்பா எழுதிக்கொள்ளவில்லை.

அப்பா கெஞ்சியதும், கடை வாசலில் நின்று இருநூறு எம்.எம்மை ஒரு முறை பார்க்க அனுமதி கிடைத்தது. அதோடு கதை முடிந்துவிட்டது. எதிர்ச் சாரியில் ரொம்பத் தூரத்தில் இருந்த ஹோட்டலின் விலைப் பட்டியலை அப்பா காமிரா வழியாகச் சத்தமாகப் படித்தார். மிஸள் பன்னிரண்டு ரூபாய், தயிர் தனி, ஒரு தட்டை இருவர் பகிரக் கூடாது. “ஆனந்தவல்லி, நீ பாரேன்” என்று அம்மாவிடம் கொடுத்தார். அம்மா வேண்டா வெறுப்பாக வாங்கிப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். “அந்தப் பூக்காரி கஜ்ரா சரம் மூணு ரூவான்னு எழுதியிருக்கா. நம்ம பிம்ப்ரியில அஞ்சு வாங்குதாளுவ” என்று சொல்லி, காமிராவை என் கையில் திணித்துவிட்டுத் தெருவைத் தாண்டிப் போய்விட்டாள். எதிர்க் கட்சி வெளிநடப்பு செய்துவிட்டதால் இருநூறு எம்.எம். ஏகமனதாகத் தேர்வானது. மிச்சம் நூற்றைம்பதில் ஒரு ரோல் வாங்கினோம். ஒரே ஒரு ரோல், முப்பத்தாறு படம். இரண்டாவது வாங்கலாம் என்றேன். அண்ணனுக்கு டேராடூனுக்குப் பெட்டி வாங்கி, சூட் தைத்த மாதம் அது. அப்பா பர்ஸைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

அடுத்த மூன்று வாரமும் அப்பா ஃபாக்டரியிலிருந்து வந்ததும் பயிற்சி எடுத்தார். காமிராவில் ரோல் போடாமல்தான். காலனி மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நான் குடையைத் துப்பாக்கி மாதிரி தோளில் வைத்துக்கொண்டு லெஃப்ட் ரைட் போட வேண்டும், அப்பா மூன்றாவது மாடியிலிருந்து என்னை ஃபோகஸ் செய்வார். முதல் நாள் நான் மட்டும் நடந்தேன். நான்காம் நாள் காலனிப் பிள்ளைகள் பதினோரு பேர் கிரிக்கெட் பேட்டோடும் துடைப்பத்தோடும் என் பின்னால் நடந்தார்கள். ஆறாம் நாள், எதிர் வீட்டு சாவித்ரி காக்கு, தம் வீட்டுப் பால்கனியை ஜம்புநாதன், அதாவது அப்பா, பைனாகுலர் வைத்துப் பார்க்கிறார் என்று காலனிச் செயலாளரிடம் சொல்லிவிட்டார். செயலாளர் வந்து விசாரித்தார். அப்பா லென்ஸோடு காமிராவை அவர் கையில் கொடுத்தார். அவர் அதன் வழியாகப் பார்த்து, தண்ணீர்த் தொட்டியின் மூடி உடைந்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டு, அப்பாவுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

இந்தப் பயிற்சியின்போதுதான் பெரிய கேள்வி ஒன்று வந்தது. கேட்டது நான். “அப்பா, எல்லாரும் ஒரே யூனிஃபாம், ஒரே தொப்பி, ஒரே உயரத்துல வரிசையா வருவாங்க. இருநூறு பேருல அண்ணன எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

அப்பா யோசித்தார். அம்மா யோசிக்கவே இல்லை. “தோள வச்சிதான்” என்றாள்.

அண்ணனின் இடது தோள் உங்களுக்கும் தெரியுமே, மாமா. ஒன்றாம் வகுப்பிலிருந்து புத்தகப் பையை அதே தோளில் தொங்கவிட்டு அது வலது தோளைவிட ஓர் அங்குலம் இறங்கியே இருக்கும். பன்னிரண்டு வருஷமாக அம்மா ஒரு நாளைக்கு மூன்று வேளை “எலே, தோளத் தூக்குலே” என்று சொல்லி வந்திருக்கிறாள். ஒருமுறை அடை மழையில் எல்லாரும் ஒரே மாதிரி ரெயின்கோட்டில் முகம் மூடி பஸ் ஸ்டாப்பில் நின்றபோது, அம்மா பஸ்ஸிலிருந்தபடியே தோளைப் பார்த்து அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறாள். அகாதெமியில் சேர்ந்த பிறகும் லீவில் வந்தால் முதல் நாள் விறைப்பாக இருப்பான், இரண்டாம் நாள் சாயங்காலத்துக்குள் தோள் இறங்கிவிடும். ஆகவே அப்பாவும் அதை ஒப்புக்கொண்டார். “அதான் அடையாளம். முகமெல்லாம் தொப்பிக்குள்ள மறஞ்சிரும். தோள மறைக்க முடியாது” என்றார்.

போன சனிக்கிழமை அணிவகுப்பு. விடியற்காலையிலேயே காலனி டிரைவரின் வேனில் கிளம்பிவிட்டோம். அம்மா பட்டுப் புடவை, அப்பா கல்யாணக் கோட். அதன் பொத்தான் போடவில்லை, போட முடியவில்லை. வாசலில் சோதனை செய்த ஜவான் என் பையைத் திறந்து, ஒரு காலுறைக்குள் உருண்டையாக இருந்ததை எடுத்து “இது என்ன?” என்றார். “லென்ஸ்” என்றேன். அது நம் பழைய ஐம்பது எம்.எம்., அப்பா வேண்டாம் என்று சொல்லியும் நான் எடுத்து வந்தது. “இது?” என்றார். “புளியோதரை” என்றேன். இரண்டில் எதன் மேல் அவருக்கு அதிகச் சந்தேகம் வந்தது என்று சொல்ல முடியவில்லை, இரண்டையும் முகர்ந்து பார்த்துவிட்டு விட்டார்.

காலரியில் எங்களுக்குப் பக்கத்தில் பச்சைச் சால்வை போர்த்திய ஓர் அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். எங்கோ மலைப் பக்கத்துக்காரர். அவர் பேசிய இந்தி எனக்கே பாதிதான் புரிந்தது. அம்மாவுடைய இந்தி பாஜி மார்க்கெட்டில் கற்றது, கொத்தமல்லிக் கட்டின் விலையைத் தாண்டினால் அதற்கு மூச்சு வாங்கும். ஆனாலும் பாண்டு வாத்தியம் தொடங்குவதற்கு முன்பே இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

பிறகு அவர்கள் வந்தார்கள், மாமா. இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான் புத்தகத்தில் படித்த வார்த்தைகள் எல்லாம் அந்த நேரத்தில் உதவிக்கு வரவில்லை. வெள்ளைக் கையுறைகள் எல்லாம் ஒரே கை மாதிரி வீசின. இருநூறு பேரின் பூட்ஸும் ஒரே பூட்ஸ் மாதிரி விழுந்தது. அப்பா காமிராவைக் கண்ணில் வைத்து ஒவ்வொரு வரிசையாகத் தேடினார். “நேரா இருக்கு... நேரா இருக்கு... இவனும் நேரா இருக்கான்...” என்று முணுமுணுத்துக்கொண்டே போனவர் திடீரென்று “ஆ!” என்றார்.

“தெரியுதானா?” என்றாள் அம்மா.

“தெரியுதான், தெரியுதான்! மூணாவது வரிசை. தோளு எறங்கிக் கெடக்கு பாரு! இந்தா, சீக்கிரம், சீக்கிரம் பாத்துட்டுக் குடு!”

அம்மா வாங்கிப் பார்த்தாள். உடனே அழுதுவிட்டாள். “எளச்சிப் போனான். கழுத்து எலும்பு தெரியுது. மூணு வருசமா எவ்வளவு கத்தியிருப்பாங்க, அப்பவும் தோள மாத்தலயே எம்பிள்ள” என்றாள். அழுதபடியே, பக்கத்திலிருந்த பச்சைச் சால்வை அம்மாவுக்கும் காமிராவைக் கொடுத்து, மூன்றாவது வரிசையைக் காட்டினாள். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை, ஒவ்வொரு நொடியும் ஒரு படம். ஆனாலும் அம்மாவை எதிர்க்கவில்லை. அந்த அம்மா பார்த்தார். அவரும் அழுதார்! “யஹீ ஹை, யஹீ ஹை” என்றார், இவன்தான் இவன்தான் என்று. “மேரா பேட்டா” என்றாள் அம்மா. “மேரா பேட்டா” என்றார் அவரும். அம்மா எங்களிடம் திரும்பி, “பாத்தீங்களா, நம்ம பிள்ளையத் தம் பிள்ளைங்காங்க. எவ்வளவு பெரிய மனசு!” என்று மறுபடி அழுதாள். மாமா, தேச ஒற்றுமை என்று பள்ளிக்கூடத்தில் மூன்று முறை கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறேன். அது என்ன என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

அப்பா முப்பத்தாறு படத்தையும் அங்கேயே எடுத்து முடித்துவிட்டார். எதிர்ப் பக்கம் போகையில் எட்டு, திரும்புகையில் பன்னிரண்டு, காலரிக்கு முன்னால் வருகையில் மிச்சம் எல்லாம். ஒன்றுகூட வீணாகவில்லை, ஒவ்வொன்றும் தோளிலேயே ஃபோகஸ் என்றார். அவர் கோட்டு முதுகு முழுக்க வியர்த்திருந்தது.

அணிவகுப்பு முடிந்து எல்லாப் பெற்றோரும் மைதானத்துக்குள் ஓடினார்கள். அண்ணனே எங்களைத் தேடி வந்துவிட்டான். அருகில் வந்தும் விறைப்பாக நின்றான். அம்மா அவன் கன்னத்தைத் தொடவில்லை, தலையைத் தொடவில்லை, இடது தோளையே தடவிக்கொண்டிருந்தாள். தடவினாள், கையை எடுத்தாள், மறுபடி தடவினாள். பிறகு எங்கோ தூரத்தில் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று தெரியவில்லை, பார்த்ததை எழுதுகிறேன்.

“அப்பா, ஒரு போட்டோ எடுங்களேன்” என்றான் அண்ணன்.

“ரோல் முடிஞ்சிபோச்சிலே” என்றார் அப்பா. “எல்லாம் நீதான்! முப்பத்தாறும் நீதான்!” என்று பெருமையாகச் சிரித்தார். ஆனால் மாமா, ரோலை வீட்டில் காமிராவில் கோத்தது நான். முனையைக் கொஞ்சமும் வீணாக்காமல் கோத்தால் முப்பத்தேழாவதாக ஒன்று கிடைக்கலாம் என்று படித்திருந்ததால் அப்படித்தான் கோத்தேன். அப்பா புது லென்ஸைக் கழற்றி உறைக்குள் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நான் காலுறையிலிருந்து ஐம்பதை எடுத்துக் காமிராவில் திருகி, ரோலை நகர்த்தும் லீவரைத் தள்ளினேன். நகர்ந்தது! ஒன்று எடுத்தேன். அடுத்ததற்கு நகரவில்லை. அது விழுந்ததா இல்லையா என்று தெரியாததால் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

இந்த ஆறு நாளாக அப்பா மாதிரி சந்தோஷமான மனிதர் பிம்ப்ரியிலேயே இல்லை. ஃபாக்டரியில் எல்லாருக்கும் லென்ஸைக் காட்டிவிட்டார். குளிக்கும்போது பாடுகிறார், தப்பாகத்தான். அண்ணன் லீவில் வீட்டில் இருக்கிறான். ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரம் தூங்குகிறான். நாளை பிரிண்ட் வரும். வந்ததும் எல்லாவற்றிலும் நல்லதாக ஒன்று உங்கள் ஆபீசுக்கு இதே உறையில் வைக்கப்படும். ஆகவே, எந்த லென்ஸ், ஏன் அந்த லென்ஸ் என்ற உங்கள் கேள்விக்கு விடை: இருநூறு எம்.எம்.; ஏனென்றால் எத்தனை பேருக்கு நடுவில் இருந்தாலும் நம் பிள்ளையை அடையாளம் கண்டு பக்கத்தில் கொண்டுவருவது அது ஒன்றுதான். அதை வாங்கியதே சரி என்று வீட்டில் அனைவரும் ஒப்புக்கொண்டோம். அம்மாகூட எதுவும் சொல்லவில்லை.

அத்தைக்கு என் அன்பும், உங்கள் ஆபீஸ் சுவருக்கு ஓர் ஆணியும் தயாராக இருக்கட்டும். உங்கள் ஆசீர்வாதத்தை அண்ணனுக்குப் பெரியதாகவும் எனக்கு எறும்பு லென்ஸ் அளவிலும் அனுப்பி வைக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்
ஜ. வைஜயந்தி, ஒன்பதாம் வகுப்பு

பின்குறிப்பு, வெள்ளிக்கிழமை:

மாமா, ஆணி அடிக்க வேண்டாம்.

பிரிண்ட் சாயங்காலம் வந்தது. அப்பா மேஜையைத் துடைத்துவிட்டு, கையைத் துடைத்துவிட்டு, உறையைப் பிரித்தார். மாமா, அப்படிப்பட்ட படங்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கத்தி மாதிரி ஃபோகஸ். சட்டைப் பொத்தானில் வெயில் தெரிகிறது. அண்ணன் எழுந்து வந்து, முதல் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, “அட, நம்ம பிஷ்ட்! சூப்பரா எடுத்திருக்கீங்கப்பா” என்றான். இரண்டாவதை எடுத்தான். “இதும் பிஷ்ட்.” மூன்றாவதை எடுத்தபோதுதான் எங்கள் முகங்களைப் பார்த்தான்.

பிஷ்ட் அவனுக்குப் பக்கத்து அறைக்காரன். குமாவூன் மலைப் பையன். “அவன் தோளு எறங்கும்ப்பா. அதுக்காகவே டிரில் உஸ்தாத் மூணு வருசம் அவனப் போட்டுக் கத்தினாரு” என்றான். “உன் தோளு?” என்று அப்பா கேட்டார். “என்னோடத மொத டெர்ம்லயே நேராக்கிட்டாங்களே. வீட்டுக்கு வந்தாத்தான் எறங்குது” என்றான் அண்ணன்.

அப்பா முப்பத்தாறையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார், ஒன்றிலாவது அண்ணன் இருப்பானா என்று. இருந்தான். இருபத்திரண்டாம் படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை வருகிறது. “இது நான்தான்” என்று அண்ணன் உறுதியாகச் சொன்னான்.

நான் அப்போதுதான் சொன்னேன், “அப்ப அந்தப் பச்சைச் சால்வை அம்மா...” என்று. முடிக்கவில்லை.

“அவங்க பெத்த பிள்ளதான்” என்றாள் அம்மா. “இவன் தோளத் தொட்டதுமே எனக்குத் தெரிஞ்சிபோச்சி. திரும்பிப் பாத்தேன், அந்தம்மா அங்கன அவனக் கெட்டிப் பிடிச்சிக்கிட்டு நிக்காங்க.”

“ஆறு நாளா ஏன் சொல்லல?” என்றார் அப்பா.

“ஆறு நாளா நீங்க பாடிட்டுல்லா குளிச்சீங்க” என்றாள் அம்மா.

அப்பா பிஷ்ட் வீட்டு விலாசத்தைக் கேட்டு வாங்கினார். அந்த அம்மாவிடம் காமிரா இருக்கவில்லை, நான் கவனித்திருந்தேன். முப்பத்தைந்து படமும் நாளை குமாவூனுக்குப் போகின்றன. லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று அப்பா கேட்டதற்கு அம்மாதான் வேண்டாம் என்றாள். “நல்ல லென்சுங்க அது. பிள்ளைய எவ்வளவு அழகா எடுத்திருக்கு. யாரு பிள்ளையா இருந்தா என்ன?” அப்பாவின் கடிதத்தை உறையிலிருந்து எடுத்துவிடட்டுமா என்று நான் கேட்டேன். “எதுக்கு? படம் பிரமாதமா வரும்னுதான எழுதியிருக்கேன். வந்துருக்குல்லா?” என்றார். ஆகவே அது அப்படியே இருக்கிறது. இருபத்திரண்டாம் படமும் இருக்கிறது. முழங்கையை வட்டமிட்டிருக்கிறேன்.

முப்பத்தேழாவது விழுந்திருந்தது, மாமா. பாதிதான். ரோல் முடிகிற இடம் என்பதால் ஒரு பக்கம் வெளிச்சம் பட்டு வெந்துபோயிருந்தது. மிச்சப் பாதியில் அண்ணனின் இடது தோள், அதன்மேல் அம்மாவின் கை, அம்மாவின் முகம் முழுசாக, இரண்டு காதோடும். அப்பா அதில் இல்லை, லென்ஸ் உறைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். இதை அனுப்ப அம்மா சம்மதிக்கவில்லை. சாமி அலமாரியில் வைத்துவிட்டாள். இன்னொரு பிரதி போட்டு அனுப்புகிறேன்.

இன்று சாயங்காலம் அண்ணன் சக்கியில் கோதுமை அரைத்து மாவு டப்பாவைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தான், இடது பக்கத்தில். தோள் நன்றாக இறங்கியிருந்தது. அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். தூக்கு என்று சொல்லவில்லை.

இதை எழுதும்போது அண்ணன் ஹாலில் பாய்மேல் தூங்குகிறான். அப்பா காமிராவில் ஐம்பதை மாட்டிக்கொண்டு பின்னால் போகிறார், இன்னும் போகிறார், பாத்ரூம் கதவு திறக்கிறது, வாளி நகர்கிற சத்தம் கேட்கிறது.

“ரோல் இல்லாம என்னத்த எடுக்கீங்க?” என்கிறாள் அம்மா.

“சும்மாதான். நீ அவன் பக்கத்துல போயி ஒக்காரு. வைஜயந்தி, நீயும் வா. எல்லாரும் வாரீங்களான்னு பாக்கேன்.”

போய் உட்கார்ந்துவிட்டு வந்து எழுதுகிறேன். எல்லாரும் உள்ளே வரவில்லை மாமா, அம்மாவின் ஒரு காது வெளியே போகிறது என்றார். ஆனாலும் ஒரு க்ளிக் செய்தார். “சரி, படுங்க எல்லாரும்” என்று அம்மா விளக்கை அணைத்துவிட்டாள்.